இரண்டு டைட்டானியத் திருகும் ஓர் அக்ரிலிக் செட்டும்: பல் கட்டிய நிகழ்வு ஒன்றின் ஆய்வு

வந்தபோது

முக்கூடலைச் சேர்ந்த 61 வயதுப் பெண்மணி. சிறு வயதிலிருந்தே பீடி சுற்றுபவர். கீழ்த் தாடையில் ஒரு பல்கூட மிச்சமில்லை. மேல் தாடையில் பதினொரு சொந்தப் பற்கள் இருந்தன. இடப்பக்க முன்பகுதியில் அவற்றில் இரண்டைத் தூணாக வைத்துக் கட்டிய பழைய பிரிட்ஜ் ஒன்றும் இருந்தது. கீழே அணிந்திருந்த பல் செட் பேசும்போதே எழும்பியது. கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் அதை மாட்டிக்கொள்வாராம். மற்ற நாட்களில் அடுக்களைத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் கிடக்குமாம். அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

கூட வந்த மகளின் கைபேசியில் ஒரு சிகிச்சைத் திட்டம் இருந்தது. துபாயில் வேலை பார்க்கும் மகன் வேறோர் ஊரில் விசாரித்து வாங்கி அனுப்பியது: கீழே ஆறு இம்பிளான்ட் (தாடை எலும்புக்குள் பதிக்கும் திருகு), அவற்றின் மேல் சிர்கோனியா என்னும் கடினமான வெள்ளைப் பீங்கானில் ஒரே துண்டாகப் பல் வரிசை, வாழ்நாள் முழுக்கக் கழற்ற வேண்டாம். “பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான், டாக்டர். இருப்பதிலேயே உறுதியானதைப் போடச் சொல்கிறான்” என்றார் மகள்.

உறுதியானது எது என்பதற்கு விடை எளிது. சிர்கோனியாவின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது முறியாமல் தாங்கும் அழுத்தம், ஏறக்குறைய 900 முதல் 1,200 மெகாபாஸ்கல். லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கானுக்கு 400-ஐ ஒட்டி. உலோகக் கேப்பின் மேல் பூசும் சாதாரணப் பீங்கானுக்கு நூறைத் தொடுவதே பெரிது. பல் செட் செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கும் கிட்டத்தட்ட அந்த வரிசையில்தான் வரும். இந்தப் பட்டியலை வைத்து முடிவெடுத்தால் மகன் சொன்னதே சரி. ஆனால் வாய்க்குள் எந்தப் பொருளும் தனியாக வேலை செய்வதில்லை. ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டே இருக்கும், மோதுகிற இடத்தில் ஏதாவது ஒன்று தேய்ந்தே தீரும். எது தேயலாம், எது தேயவே கூடாது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்பப் பொருளைத் தேடுவதே என் வழக்கம்.

பரிசோதனை

மேலே சொந்தப் பல், கீழே முழுப் பல் செட் என்பது பல் கட்டுபவர் அஞ்சும் சேர்க்கை. முழுப் பல் செட் போட்டவரின் கடி விசை, சொந்தப் பல் உள்ளவரின் விசையில் ஏறக்குறைய கால் பங்குதான். இங்கே மேல் பற்கள் முழு விசையோடு இறங்குகின்றன, கீழே தாங்குவதோ மெல்லிய ஈறும் அதன் அடியில் கரைந்துகொண்டிருக்கும் எலும்பும். பல் போன பிறகு கீழ்த் தாடை எலும்பு, மேல் தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகமாகக் கரையும். மேல் தாடையில் அண்ணத்தின் அகலம் செட்டைத் தாங்கும். கீழே அந்த வசதியும் கிடையாது. நாக்கு அசைந்தாலே செட் மிதக்கும். இவர் இதுவரை அணிந்த இரண்டு செட்டுகளும் தோற்றதற்கு அவற்றைச் செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முப்பரிமாண ஸ்கேனில், தாடை நரம்பு வெளிவரும் இரு துளைகளுக்கும் இடைப்பட்ட முன்பகுதியில் எலும்பின் உயரம் 15 மி.மீ., அகலம் 6.5 மி.மீ. கடைவாய்ப் பக்கம் நரம்புக் குழாய்க்கு மேல் 7 மி.மீ. மட்டுமே மிச்சம். முன்னே திருகு வைக்கலாம். பின்னே வைப்பதென்றால் எலும்பு ஒட்ட வேண்டும், அல்லது முன்னிருந்தே திருகைச் சாய்த்து இறக்க வேண்டும்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 9.2. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளைத் திட்டு இல்லை, வாய் 39 மி.மீ. திறந்தது. எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரையோ ஊசியோ எடுத்ததில்லை. திருகு வைப்பதற்கு முன் இதைக் கேட்காமல் விடக் கூடாது. அந்த வகை மருந்துகள் சிலவற்றால் தாடை எலும்பின் காயம் ஆறாமல் போகலாம்.

சர்க்கரை இறங்காமல் கத்தி வைப்பதில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவருடைய மருத்துவர் மாத்திரையை மாற்றினார், சில மாதங்களில் 7.1-க்கு வந்தது. புகையிலையை விட்டார், வெற்றிலையையும் பாக்கையும் விடவில்லை. பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது என்பதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கொட்டைப்பாக்கைக் கடிப்பது நின்று சீவலுக்கு மாறியதுதான் கிடைத்த பலன்.

என்ன சாப்பிட ஆசை என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பது வழக்கம். பொருள் தேர்வில் அதற்கும் இடம் உண்டு. முறுக்கு, ஆட்டுக்கறி, தைப் பொங்கலுக்குப் பனங்கிழங்கு என்று வரிசையாகச் சொன்னார். சொதியும் உளுந்தஞ்சோறும் சாப்பிடுகிற வாய்க்கு ஒரு செட்டு போதும். பனங்கிழங்கின் நார் வேறு கணக்கு.

கவரிங் தோடும் பழைய பிரிட்ஜும்

பிரிட்ஜைச் சுற்றி ஈறு சிவந்து தடித்திருந்தது. தொட்டால் இரத்தம் கசிந்தது. பீங்கான் ஓரிடத்தில் பெயர்ந்து உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் கட்டிய, நிக்கல்-குரோமியம் உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய பிரிட்ஜ். விலை குறைவு, வார்க்க எளிது என்பதால் நம் ஊர்களில் இன்றும் மிகுதியாகப் புழங்கும் வகை. அந்தக் கலவைகளில் பெரும்பாலானவற்றில் நிக்கல் மட்டுமே 60 சதவீதத்தைத் தாண்டும்.

ஒவ்வாமை உண்டா என்று பொதுவாகக் கேட்டபோது இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். கவரிங் நகை போட்டால் தோல் அரிக்குமா என்று மாற்றிக் கேட்டதும் மகள் சிரித்துவிட்டார். கவரிங் தோடு போட்டால் அம்மாவுக்குக் காது புண்ணாகி நீர் வடியும். தங்கத் தோடு அடகில் இருந்த காலமெல்லாம் காதில் துடைப்பக் குச்சியைத்தான் செருகியிருந்தார். மலிவு நகையில் நிக்கல் பூச்சு சாதாரணம். தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். முதுகில் நிக்கல் சல்பேட் ஒட்டி 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்திலும் பார்த்ததில் தெளிவான சிவப்பும் கொப்புளமும். நிக்கல் ஒவ்வாமை உறுதியானது.

ஈறு சிவந்ததற்கு நிக்கல்தான் காரணம் என்று அதனால் அடித்துச் சொல்ல முடியாது. பிரிட்ஜின் ஓரம் பல்லோடு சரியாகப் பொருந்தவில்லை. அந்த இடுக்கில் அழுக்கு படிந்தாலே அப்படித்தான் சிவக்கும். பிரிட்ஜை அறுத்து எடுத்து, இடத்தைச் சுத்தம் செய்து, தற்காலிக அக்ரிலிக் பல் வைத்த சில வாரங்களில் சிவப்பு அடங்கியது. இரண்டு காரணங்களும் ஒரே நாளில் போனதால் எது குற்றவாளி என்று தெரிய வழியில்லை. ஆனால் இனி இந்த வாய்க்குள் நிக்கல் போகக் கூடாது என்பதில் ஐயமில்லை. உலோகக் கேப்பை ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று முதலில் தோன்றியது. இம்பிளான்டின் உதிரிப் பாகங்களில் அது ஒளிந்திருக்கக் கூடும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எலும்புக்குள் போவது எது

மகன் தொலைபேசியில் பேசினார். உலோகமே ஒத்துக்கொள்ளாது என்றால் வெள்ளைப் பீங்கான் திருகையே வைக்கலாமே என்றார். இணையத்தில் ‘நிக்கல்-டைட்டானியம்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, இரண்டும் சேர்ந்தே வரும் என்று நினைத்திருந்தார். அது வேறு கலவை. வேர் சிகிச்சையின் ஊசிகளுக்கும் பல் சீரமைப்புக் கம்பிகளுக்கும் பயன்படுவது. திருகுக்கு வரும் தூய டைட்டானியத்தில் நிக்கலைச் சேர்ப்பதில்லை, இருந்தால் மாசாக ஒட்டிய சுவடு மட்டுமே. டைட்டானியத்துக்கே ஒவ்வாமை வராதா என்றால், மிக அரிதாகச் சில நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. நிக்கலுக்கு இருப்பதுபோல நம்பத்தகுந்த தோல் சோதனை அதற்கு இன்னும் நிலைபெறவில்லை. டைட்டானியத்துக்குத் தோல் சோதனை செய்து சான்றிதழ் வாங்கி வரச் சொல்பவர்கள் எதைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

டைட்டானியத்தின் பக்கம் நிற்கும் பெரிய சாட்சி காலம். 1952-ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரேன்மார்க் முயல் எலும்புக்குள் டைட்டானியக் குழல் வைத்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் குழல் வரவில்லை, எலும்பு அதைப் பற்றியிருந்தது. 1965-இல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாகத் திருகுகளை வைத்தார். லார்சன் 2006-இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அந்தத் திருகுகள் அவருக்கு உழைத்தன. டைட்டானியம் காற்றுப் பட்டவுடனே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. எலும்பு சந்திப்பது உலோகத்தை அன்று, அந்தப் படலத்தைத்தான். இன்று வரும் திருகுகளில் மணலடித்து அமிலத்தில் தோய்த்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். வழுவழுத்துப்போன அம்மியைக் கொத்தி வைப்பதுபோல. எலும்புக்குப் பிடிமானம் கூடுகிறது.

சிர்கோனியாத் திருகு மோசம் என்று சொல்லமாட்டேன். மெல்லிய ஈறு உள்ளவரின் மேல் முன்பல்லில், சாம்பல் நிழல் தெரியாமல் இருக்க அதற்கு இடமுண்டு. இந்த அம்மாவுக்கு அது ஒத்துவராததற்குக் காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. அத்திருகுகளில் பல ஒரே துண்டாக வருபவை. ஈறுக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருக்கும், ஆறும்வரை ஈறுக்குள் மூடிப் புதைத்துவைக்க முடியாது. சர்க்கரை உள்ளவரின் எலும்பு அமைதியாக ஆறட்டும் என்று நான் புதைக்கவே விரும்பினேன், மேலே பதினொரு சொந்தப் பற்கள் இடிக்கக் காத்திருந்தன. அடுத்தது விறைப்பு. விறைப்பை அளக்கும் மீள்தன்மைக் குணகம் உறுதியான எலும்புக்கு 15 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டானியத்துக்கு 110-ஐ ஒட்டி, சிர்கோனியாவுக்கு 200-க்கு மேல். டைட்டானியமே எலும்பைவிட மிக விறைப்பு, சிர்கோனியா அதைப்போல் இரு மடங்கு. அது வளையாது, தாங்கும் வரை தாங்கிவிட்டு முறியும். எலும்புக்குள் முறிந்த திருகை எடுப்பதற்கு எலும்பையே குடைய வேண்டும்.

டைட்டானியத்திலும் ரகம் உண்டு. ஒன்று முதல் நான்கு வரை தூய டைட்டானியம், நான்காம் தரம் அவற்றுள் வலுவானது. ஐந்தாம் தரத்தில் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேரும், வலிமை இன்னும் கூடும். எலும்பு ஒடுங்கி 3.3 மி.மீ. திருகுதான் வைக்க முடியும் என்றால் டைட்டானியம்-சிர்கோனியம் கலவையை நாடுவேன். இங்கே 6.5 மி.மீ. அகலம் இருந்ததால் 4 மி.மீ. குறுக்களவில் நான்காம் தரமே போதுமானதாக இருந்தது.

விளம்பரங்களில் வரும் ‘ஆயுள் உத்தரவாதம்’ பற்றி ஒரு வார்த்தை. திருகு தோற்றால் நிறுவனம் இன்னொரு திருகு தரும். கரைந்த எலும்பை யாரும் தரமாட்டார்கள். அதைவிடப் பயனுள்ளது திருகுப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிறிய ஒட்டுத்தாள். அதில் தயாரிப்பு வகையும் அளவும் வரிசை எண்ணும் இருக்கும். அதை நோயாளியின் புத்தகத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறோம். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர் அதன் மேல் எதையாவது பூட்ட நேர்ந்தால், எந்தச் சாவி பொருந்தும் என்பதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு துப்பு கிடைக்காது. பெயர் தெரியாத மலிவுத் திருகைத் தவிர்ப்பதற்கும் என் முதல் காரணம் இதுதான்.

ஈறுக்கு மேலே

இனிப் பல். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கடிக்கும்போது பல் பல பத்து மைக்ரான் அமிழ்ந்து எழும், கல் அகப்பட்டால் மூளைக்குச் சொல்லும். இம்பிளான்டுக்கு அந்த மெத்தை இல்லை. அமிழ்வது சில மைக்ரான்தான், உணர்வும் மங்கல். ஆறு திருகின் மேல் ஒரே துண்டுச் சிர்கோனியா என்பது அசையாத, உணராத ஒரு கட்டாந்தரை. நன்றாக மெருகேற்றிய சிர்கோனியா எதிர்ப் பல்லின் எனாமலை அதிகம் தேய்ப்பதில்லை, அந்தப் பழியை அதன்மேல் போடுவது தவறு. மெருகு போய்ச் சொரசொரத்தாலோ, கடி சரிசெய்யக் கல்லால் உரசிவிட்டு மெருகேற்றாமல் விட்டாலோதான் அது அரம் ஆகிறது. இந்த அம்மாவின் மேல் பற்கள் ஏற்கெனவே பாக்கால் தேய்ந்தவை, எனாமல் குழிவிழுந்தவை. அவற்றின் எதிரே விட்டுக்கொடுக்காத ஒன்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே என் வரிசை இப்படி அமைந்தது. எலும்பு போகக் கூடாது. மேல் பற்கள் போகக் கூடாது. திருகு உடையக் கூடாது. தேய வேண்டியது செட்டைத் திருகோடு பூட்டும் ஒரு நைலான் வளையம், அதற்கடுத்து அக்ரிலிக் பல். முதலாவதைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். இரண்டாவதை நெல்லையில் உள்ள, பல் செய்யும் எந்த லேப்பும் மாற்றித் தரும்.

கீழ்த் தாடையின் முன்பகுதியில் இரண்டு திருகுகள், அவற்றின் மேல் குமிழ்போன்ற இரண்டு பூட்டுத் தலைகள், அவற்றில் ‘டக்’ என்று அமரும் கழற்றக்கூடிய அக்ரிலிக் செட். பல்லில்லாத கீழ்த் தாடைக்கு இரண்டு இம்பிளான்ட் பூட்டுச் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். புதுமை என்று எதுவும் இல்லை. செலவு மகன் அனுப்பிய திட்டத்தில் கால் பங்குக்கும் கீழே.

“பிளாஸ்டிக்தானே, டாக்டர்?” என்றார் மகன். ஆம், பிளாஸ்டிக்தான். 1930-களின் இறுதியில், அதுவரை செட்டுகளுக்குப் பயன்பட்ட கெட்டி ரப்பரை ஒதுக்கிவிட்டு வந்த அதே அக்ரிலிக். அதை எப்படி வேக வைக்கிறோம் என்பதில் தரம் இருக்கிறது. அவசரமாகக் கொதிக்க வைத்தால் வினைபுரியாத திரவம் உள்ளே தங்கி வாயை எரிக்கும். நீண்ட நேரம், சுமார் 74 பாகை வெப்பத்தில் எட்டு மணி நேரம் வைத்து, இறுதியில் கொதிநிலைக்கு ஏற்றி, தானாக ஆற விட்டு, கொடுப்பதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இதை லேப் அண்ணாச்சியிடம் எழுத்தில் கொடுத்தேன். ‘உடையாத செட்’ என்று விற்கப்படும் வளையும் நைலான் செட்டையும் மகள் கேட்டார். ஓரிரு பல் இழந்தவருக்குச் சில இடங்களில் சரி. பூட்டு வைக்கும் முழுச் செட்டுக்கு ஆகாது. எலும்பு கரையக் கரைய உட்புறம் அக்ரிலிக் சேர்த்து இறுக்க வேண்டியிருக்கும், நைலானோடு அக்ரிலிக் ஒட்டாது.

மகன் கேட்காத ஒன்று கை. இந்த அம்மாவின் விரல்களைப்போல நுணுக்கமான விரல்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்றைக்கு நிலையான பல் வரிசையின் அடியில் தூரிகை விட்டுத் துடைக்க அவரால் முடியும். எழுபத்தைந்து வயதிலும் முடியுமா என்பது கேள்வி. படுக்கையில் விழுந்தால் மகள் செட்டைக் கழற்றிக் கழுவிப் போட்டுவிடுவார். திருகி முடுக்கிய பன்னிரண்டு பல் சிர்கோனியாவை யார் கழற்றுவது?

எல்லாருக்கும் இது பொருந்தாது. இரவில்கூடப் பல்லைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் உண்டு. அவர்களுக்கு நான்கு திருகின் மேல் டைட்டானியச் சட்டமும் அக்ரிலிக் பல்லும் கொண்ட நிலையான வரிசை ஒரு நடுவழி. இவரிடமும் அதைச் சொன்னேன். டம்ளர் தண்ணீருக்குப் பழகியவர், கழற்றுவதில் அவருக்கு வருத்தமில்லை.

வேலை நடந்த விதம்

அறுவையில் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போகும் ஊசி, கோரைப் பல் இருக்க வேண்டிய இடங்களில் 10 மி.மீ. நீளத்தில் இரண்டு திருகு, 35 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்கு விசையில் இறுகின. ஈறால் மூடித் தைத்தோம். ஆறுவதற்கான மூன்று மாதத்துக்கு, பழைய செட்டின் உட்புறத்தை அந்த இடத்தில் குடைந்து, மெத்தென்ற பூச்சு இட்டுக் கொடுத்தோம். பிறகு திறந்து தலைகளைப் பூட்டினோம்.

இடையில் அவர் கேட்ட இரண்டு கேள்விகள்: மகனைப் பார்க்கத் துபாய் போனால் விமான நிலையத்தில் மணி அடிக்குமா? தலையில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முடியாதா? இவ்வளவு சிறிய டைட்டானியத்துக்கு விமான நிலையத்தின் உலோகச் சோதனை வாசல் பொதுவாக ஒலிப்பதில்லை. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது, எனவே எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். தாடையை ஒட்டிய படத்தில் சிறிது கறை விழும். செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

நிக்கலுக்கு வருகிறேன். செட்டுக்குள் பதியும், நைலான் வளையத்தைத் தாங்கும் குட்டி மூடி ஒன்று இருக்கிறது. நகக்கண் அளவுகூட இராது. சில அமைப்புகளில் இந்த மூடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் நிக்கல் உண்டு. விலைப் பட்டியலில் அது தனியாக எழுதப்படுவதில்லை. தயாரிப்பாளரின் பொருள் விவரத் தாளை வரவழைத்துப் பார்த்து, டைட்டானிய மூடி உள்ளதையே வாங்கினோம். செட் குறுக்கே பிளக்காமல் இருக்க உள்ளே வைக்கும் வலுவூட்டலுக்கும் வழக்கமான உலோக வலைக்குப் பதில் கண்ணாடி இழை வலை வைத்தோம். செட்டின் பற்கள் அக்ரிலிக்கில், குறுக்குப் பிணைப்பு உள்ள கடினமான ரகம். பீங்கான் செட்டுப் பற்களைக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். மேல் பல்லைத் தேய்த்துவிடும், பேசும்போது ‘டக் டக்’ என்று சத்தமும் கேட்கும்.

முன்பல் மூன்று

எனக்கு அதிக நேரம் பிடித்தது கீழ்த் தாடை என்று நினைத்தால் தவறு. அறுத்தெடுத்த மேல் பிரிட்ஜின் இடத்தில் மூன்று பல் கட்டுவதுதான் இழுத்தடித்தது: இடப்பக்க நடுவெட்டுப்பல், இல்லாத பக்கவெட்டுப்பல், கோரைப்பல்.

முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் அழகாக இருக்கும், வெளிச்சம் ஊடுருவுவது சொந்த எனாமலை ஒத்திருக்கும். ஆனால் நடுவெட்டுப்பல் முன்பே வேர் சிகிச்சை செய்தது. உள்ளே உலோகத் தண்டு இறங்கியிருந்தது, தண்டை எடுத்தால் வேர் பிளக்கும். ஒளி ஊடுருவும் பீங்கானை அதன்மேல் போர்த்தினால் உள்ளிருக்கும் கறுப்பு சாம்பலாகத் தெரியும். மறைக்கத் தெரிந்த பொருள் வேண்டும். சிர்கோனியாவின் குறையாகச் சொல்லப்படும் மங்கல் தன்மை இங்கே வரவாயிற்று. மூன்று பல்லையும் சிர்கோனியாவில் கடைந்து, கண்ணுக்குத் தெரியும் முன்முகத்தில் மட்டும் மெல்லிய பீங்கான் பூச்சு இட்டோம். கடி விழும் உட்புறம் பூச்சில்லாமல் மெருகேற்றிய சிர்கோனியா. பூச்சு பெயர்வதற்கு அங்கேதான் வாய்ப்பு அதிகம்.

அடுத்து நிறம். இந்த அம்மா பிறந்து வளர்ந்தது மானூர் பக்கம். அந்த வட்டாரத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த ஊர்கள் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஈறுக்குள் எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்தத் தண்ணீர் குடித்தவர்களுக்குச் சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கோடும் பல்லோடு பிறந்துவிடும். கல்யாணமாகி வந்து நாற்பது ஆண்டு தாமிரபரணித் தண்ணீர் குடித்தும் அது மாறாது. அதன்மேல் வெற்றிலைக் கறை வேறு. லேப்பில் உள்ள நிற அட்டையில் இந்தப் பல்லுக்கு நிறமே கிடையாது.

மகளுக்கு விருப்பம், மூன்றும் பளிச்சென்ற வெள்ளையில் இருக்க வேண்டும் என்பது. அம்மா மறுத்துவிட்டார். “பக்கத்துப் பல் எப்படியோ அப்படி இருக்கட்டும். புதுப் பல் என்று ஊருக்குத் தெரிய வேண்டாம்” என்றார். வெற்றிலைக் கறையை நீக்கிவிட்டு, மிஞ்சிய புளோரைடு கோடுகளைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினோம். கடைசலை மதுரையில் செய்து வாங்கினாலும், நிறம் தீட்டுவதற்கு நெல்லை லேப்பின் டெக்னீஷியனையே கிளினிக்குக்கு வரவழைத்து, பல்லை அருகில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பழுப்புக் கோட்டையும் வெள்ளைத் திட்டையும் அவர் தூரிகையால் தீட்டிச் சுட்டுக் கொண்டுவந்த விதம் தனித் திறமை. முதலில் வந்தது கொஞ்சம் அழகாகிவிட்டது, திருப்பி அனுப்பினேன்.

பிறகு

முதல் ஆண்டில் திருகைச் சுற்றிய எலும்பு ஒரு பக்கம் 0.7 மி.மீ., மறுபக்கம் 0.9 மி.மீ. இறங்கியது. முதல் ஆண்டில் எதிர்பார்ப்பதுதான். அதன் பிறகு படத்தில் மாற்றம் தெரியவில்லை. நைலான் வளையம் பத்தாவது மாதம் தளர்ந்தது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாற்றினோம். பனங்கிழங்கு சாப்பிட்டார். நார் பூட்டுக்குள் சுற்றிக்கொண்டு செட் அமரவில்லை என்று பொங்கல் முடிந்த கையோடு வந்து நின்றார். இப்போது நாரை உரித்து, பிட்டுப் பிட்டுச் சாப்பிடுகிறார்.

பொருவிளங்காய் உருண்டையைக் கடித்ததில் செட்டின் கடைவாய்ப் பல் ஒன்று பெயர்ந்தது. காலையில் முக்கூடல் பஸ்ஸில் வந்தவர், மாலையில் ஒட்டிய செட்டோடு திரும்பினார். சிர்கோனியா வரிசையில் அதே விரிசல் விழுந்திருந்தால் முழுத் துண்டையும் கழற்றி, புதிதாகக் கடையக் கொடுத்து, அது வரும்வரை தற்காலிக வரிசை ஒன்றை மாட்ட வேண்டியிருந்திருக்கும். இரண்டாம் ஆண்டு முடிவில் செட்டின் பற்கள் கண்ணுக்குத் தெரியும்படி தேய்ந்திருந்தன. மேல் பற்களை முதல் நாள் எடுத்த அச்சோடு ஒப்பிட்டேன், அவற்றில் புதிய தேய்மானம் இல்லை. செட்டின் பற்களை அடுத்த ஆண்டு மாற்ற வேண்டும்.

கவலை வேறு இடத்தில் முளைத்திருக்கிறது. எச்பிஏ1சி மீண்டும் 8.4-க்கு ஏறிவிட்டது, இடப்பக்கத் திருகைச் சுற்றி ஆய்வுக் கோலால் தொட்டால் இரத்தம் கசிகிறது. எலும்பு இன்னும் போகவில்லை, ஆனால் அழற்சி அங்கிருந்து எலும்புக்கு இறங்கக் கூடியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவழைத்து, டைட்டானியத்தில் கீறல் விழாத கருவியால் சுத்தம் செய்கிறோம். சர்க்கரை மருத்துவருக்கும் எழுதியிருக்கிறேன். சீவலுக்குக் கணக்குக் கேட்பதை நிறுத்தவில்லை.

விடுப்பில் வந்த மகன் தன் வாயையும் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது. வயது 36, சர்க்கரை இல்லை, புகை இல்லை, சுற்றிலும் சொந்தப் பற்கள், எலும்பு தாராளம். “எனக்கும் அம்மாவுக்குப் போட்டதுபோல அக்ரிலிக் போதுமா, டாக்டர்?” என்றார். போதாது, தம்பி என்றேன். ஒற்றைப் பல் தினமும் முழுக் கடியை வாங்கும் இடத்தில் அக்ரிலிக் சில மாதங்களில் தேய்ந்து தாழும், எதிர்ப் பல் இறங்கிவிடும். ஒரு டைட்டானியத் திருகு, மேலே திருகிக் கழற்றக்கூடிய முழுச் சிர்கோனியா கேப், நன்றாக மெருகேற்றியது என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருகை இந்த விடுப்பிலேயே வைத்தாயிற்று. கேப் அடுத்த விடுப்பில். அதுவரை பக்கத்துப் பல் சாயாமல் இருக்க ஒரு கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் கொடுத்தேன். அது அக்ரிலிக்தான்.